இரண்டு முப்பத்தேழு

எனக்கு எதிலும் அவசரம். கல்லூரிக் கடைசி வருடம் அது என்னை நன்றாக மாட்டிவிட்டது.

கூட்டமாக இடம்பெயரும் வண்ணத்துப்பூச்சிகள் எங்கே போகின்றன என்பதுதான் தோழிக்கும் எனக்கும் புராஜெக்ட். சனிக்கிழமை கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குக்குப் பின்னால் உள்ள காலிமனை. ஞாயிறு தெற்கே கும்பளங்கி. பிடித்து, இறக்கையில் மார்க்கரால் நம்பர் எழுதி, நோட்டில் பென்சிலால் பதிந்து, விட்டுவிட வேண்டும். மட்டாஞ்சேரி நம்பர் ஒன்று கும்பளங்கியில் கண்ணில் பட்டால் போதும், தோழிக்கு பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்பு நிச்சயம். இல்லையென்றால் காக்கநாட்டில் அவள் மாமா பார்த்து வைத்திருந்த ஆபீஸ் வேலை.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். நான் தனியாகப் போனேன். சனிக்கிழமை முப்பத்தேழை விட்ட நொடியில் மழை கொட்டியது. அதைப் பதியாமலே நோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். மறுநாள் கும்பளங்கியில் நோட்டைத் திறந்தால் கடைசியாக முப்பத்தாறு. முப்பத்தேழிலிருந்து ஆரம்பித்தேன். மட்டாஞ்சேரியிலும் ஒரு முப்பத்தேழு விட்டிருக்கிறேன் என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. கும்பளங்கி முப்பத்தேழை ரப்பரால் அழித்துவிட்டு, சனிக்கிழமைப் பக்கத்தில் முப்பத்தேழை எழுதினேன். ஒரு பூச்சிதானே என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை, கும்பளங்கியில் நாங்கள் சொல்லிவைத்திருந்த ஒரு வீட்டுக்காரம்மா போட்டோ அனுப்பினார். செம்பருத்தி மேல் முப்பத்தேழு. டீச்சர் வகுப்பிலேயே கைதட்டினார். தோழி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. புராஜெக்டைச் சமர்ப்பிக்கும் நாள் காலையில், ஹாலுக்கு வெளியே வைத்துச் சொன்னேன்.

"எடீ, அது கும்பளங்கில விட்ட முப்பத்தேழா இருக்கலாம்."

"இருக்கலாம்னா? ஒறப்பா?"

"ஒறப்பு இல்ல."

"அப்ப வாய மூடிட்டு உள்ள வா."

அவள் தடுமாறாமல் பேசினாள். கடைசியில், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நோட்டைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமை கும்பளங்கிப் பக்கத்தில் நின்றார். ரப்பர் தேய்த்த தடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்க என்ன அழிச்சிருக்கு? நம்பர் எழுதினது யாரு?"

தோழி என்னைப் பார்த்தாள்.

"நான்தான் சார். கையெழுத்து சரியில்லைன்னு அழிச்சேன்."

அவர் தலையாட்டினார். தோழிக்கு பெங்களூர் கிடைத்தது. ரயிலேற்றிவிடப் போனேன், இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

போன வாரம் ஜூனியர் பெண்கள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் முடிவை நம்பி அதே வேலையைத் தொடர்கிறார்கள்.

"சேச்சி, எரநூறுக்கு மேல விட்டாச்சு. ஒண்ணுகூட அங்க போய்ச் சேரல. எங்க மேல என்ன தப்பு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாயாவை அவர்கள் முன்னால் வைத்தேன்.

"இறக்கைய அமுத்திப் பிடிக்கிறீங்களா இருக்கும்" என்றேன்.

அதில் சின்னவள் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.