ஷோரூமில் ஓடிய என் மகளின் இசை

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் மேனேஜராக இருந்தேன். தொண்ணூறுகளில் சரக்கு வாங்க வந்த ஒரு வெளிநாட்டுப் பையர் ஜாஸ் சிடி ஒன்றை விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஷோரூமில் பையர்கள் உட்கார்ந்ததும் மெதுவாக அதை ஓட விடுவோம். ஜாஸ் என்றால் விலை பேசும்போது குறுக்கே வராத இசை என்றே பல வருஷம் நினைத்திருந்தேன்.

என் மகள் சர்ச்சில் கீபோர்டு வாசித்து வளர்ந்தவள். சென்னையில் வங்கி வேலை பார்த்தபடி மூன்று பேர் கொண்ட ஜாஸ் குழுவில் பியானோ வாசித்தாள். அவர்களே அமைத்த இசையை சிடியாக்கி எனக்கு அனுப்பினாள். வங்கி வேலையை விடலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த நேரம். அவள் அம்மா கூடவே கூடாது என்றுவிட்டாள்.

"நீங்க கேட்டுட்டு சொல்லுங்கப்பா. முழுசா கேளுங்க."

நான் அதை ஷோரூமில் போட்டேன். முதல் பாட்டின் நடுவில் பியானோ எதையோ உடைப்பதுபோலப் போனது, டிரம்ஸ் அதைத் துரத்தியது. சாம்பிளைக் கையில் வைத்திருந்த பையர் நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். மறுநாளே வேலூரில் சிடி காப்பி போடும் கடையில் கொடுத்து, சத்தமான இடங்களை எல்லாம் வெட்டச் சொன்னேன். மகளிடம் போனில், "கேட்டேன்மா, ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த மாதமே அவள் வேலையை விட்டாள்.

சில மாதம் கழித்து, பெங்களூரில் வாசித்துவிட்டுத் திரும்பும் வழியில் கம்பெனிக்கு வந்தாள். பையர்கள் இருந்ததால் ஓரமாக உட்கார்ந்தாள். ஓடுவது தன் இசை என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது. விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. நான் வெட்டச் சொன்ன இடம் வரவேண்டிய நேரத்தில் வராமல், பாட்டு தாண்டிப் போனது. விரல்கள் நின்றன.

பையர்கள் சாப்பிடப் போனதும் கேட்டாள். "என்னப்பா இது? யார் வெட்னது?"

"நான்தாம்மா. பையர் இருக்கும்போது கொஞ்சம் ஜாஸ்தி சத்தமா..."

"தோல்ல முள்ளு கீறுனது, பூச்சி கடிச்சது எல்லாம் பஃபிங்ல தேய்ச்சு எடுப்பீங்களே, அந்த மாதிரியா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"தேய்ச்சாத்தாம்மா விக்கும்."

சிரிப்பு போய்விட்டது. "நீங்க வெட்ன அந்த எடத்துக்காகத்தான்ப்பா அந்தப் பாட்டே. நீங்க கேட்டீங்கன்னு நம்பிதான் வேலைய விட்டேன்."

பிரியாணி வாங்கிவரச் சொல்லியிருந்தேன். சாப்பிடாமலே ரயிலேறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். என் சுகர், அம்மாவின் முட்டிவலி, இதோடு பேச்சு முடியும். அவளுடைய அடுத்த சிடி வந்ததை சர்ச்சில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது போனிலேயே எல்லாம் கிடைக்கிறது. சமைக்க, படிக்க, தூங்க என்று ஜாஸைப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். வாசித்தவர் யார் என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. என் ஷோரூமையே உலகம் முழுக்கத் திறந்து வைத்ததுபோல இருக்கிறது. அந்த அடுக்குகள் எதிலும் என் மகள் இல்லை. பெயரைத் தட்டித் தேடினால்தான் வருகிறாள். வேறு வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்து அவள் வாசித்த எல்லாவற்றையும் கேட்டேன். போன ஞாயிறு அவளிடம் உள்ளதைச் சொன்னேன்.

"முழுசா கேட்டேம்மா. பாதி புரியல. சில எடத்துல எழுந்து போய்டலாமான்னு இருந்துச்சு."

"எந்த எடத்துல?" என்றாள்.

போனைக் காதில் வைத்தபடி எந்தெந்த இடம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், வைத்துவிடப் போகிறாளோ என்ற பயத்தோடு.