கோமதி சாப்பிடுவதைப் பார்த்தேன்

ஒருநாள் காலை பம்பாயில் என் ஆபீசுக்குள் நுழைந்தபோது என் மேஜைமேல் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. நெய்யில் வறுத்துச் சர்க்கரை சேர்த்த சேமியா, பக்கத்தில் கெட்டித் தயிர். அடுத்த மேஜை ரதன்ஜி என்ற பார்சிக்காரர் கொண்டுவந்து வைத்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன். "என் மனைவிக்கு இன்று பர்த்டே. வாயை இனிப்பாக்கிக்கொள்" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் இருக்கும் நீங்களே சொல்லுங்கள், நம் பக்கத்தில் மனைவிக்கு என்று ஒரு பிறந்தநாள் உண்டா? குழந்தைக்கு ஆண்டு நிறைவு உண்டு. அப்பாவுக்கு அறுபதாங்கல்யாணம் உண்டு. எங்கள் தென்காசி வீட்டில் அம்மா எந்த மாசம் பிறந்தாள் என்று அப்பாவுக்கே தெரியுமோ என்னவோ. இங்கேயோ நரைத்த தலையோடு ஒரு மனிதர் மனைவி பிறந்ததற்காக ஆபீஸ் முழுக்கத் தயிர் விநியோகம் செய்கிறார்.

"உன் மனைவிக்கு எப்போது?" என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவைத்தேன்.

மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளுக்கு அருகே மூன்றாவது மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். அன்று மாலை கோமதியிடம் மெதுவாக விசாரித்தேன். அவள் பயந்துபோனாள். "என்னத்துக்கு கேக்கிய? யாராவது ஜாதகம் பாத்து ஏதும் சொன்னாங்களா? எனக்குக் கண்டம் கிண்டம் இருக்கா?" என்றாள். அப்படியெல்லாம் இல்லை, பிறந்தநாள் கொண்டாடத்தான் என்றதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, மார்கழி மாசம் பூசம் என்றாள்.

மறுநாள் அதை ரதன்ஜிக்கு விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. மாசமும் நட்சத்திரமும்தான் கணக்கு, இங்கிலீஷ் தேதி வருஷா வருஷம் மாறும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியானால் உன் மனைவி ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு நாளில் பிறக்கிறாளா?" என்று கவலையோடு கேட்டார். கடைசியில் பஞ்சாங்கம் பார்த்து நாளைச் சொன்னேன். கோட்டைப் பகுதியில் ஒரு பெரிய ஓட்டல் இருப்பதாகவும், தாம் சொல்லிவைத்தால் மாமிசம், முட்டை எதுவும் கலக்காமல் தனியாகச் சமைத்துத் தருவார்கள் என்றும் அவரே ஏற்பாடு செய்தார். கூடவே ஒரு பாடமும் நடத்தினார். "நாற்காலியை அவளுக்கு நீ இழுத்துப் போட வேண்டும். அவள் முதல் வாய் சாப்பிடும்வரை நீ கரண்டியைத் தொடக் கூடாது. தொட்டால் உன்னைக் காட்டுமிராண்டி என்பார்கள்."

அந்த ஓட்டலுக்கு வர கோமதி லேசில் சம்மதிக்கவில்லை. காசைப் பற்றியோ ஆசாரத்தைப் பற்றியோ அவள் பேசவில்லை. "நாலு பேரு பாக்க நான் எப்படிச் சாப்பிடுவேன்?" என்பதுதான் அவள் சங்கடம். "இங்க நம்மள யாருக்குத் தெரியும்?" என்றேன். பம்பாயில் எனக்குச் சில சமயம் அழுகையை வரவழைத்த வாசகம் அது. அன்று அதைச் சொல்லும்போது எனக்கே ஒரு தெம்பு வந்தது.

யுத்தம் முடிந்த வருஷத்துக் குளிர்காலம். தெருவிளக்குகளின் கறுப்பு மூடிகளைக் கழற்றிவிட்டார்கள். ரயிலைவிட்டு இறங்கி நடக்கும்போது, நகரம் புதிதாகக் கண் விழித்ததுபோல் இருந்தது. கோமதி கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டை உடுத்தியிருந்தாள். ஓட்டலில் மூலையில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். மேஜைத்துணி எங்கள் வீட்டு வேட்டிகளையெல்லாம்விட வெள்ளையாக இருந்தது. பாடம் படித்தபடி நாற்காலியை இழுத்தேன். அதில் நான் உட்காரப்போகிறேன் என்று நினைத்து அவள் விலகி நின்றாள். ஒருவழியாக இருவரும் உட்கார்ந்தோம்.

கோவாக்காரப் பரிசாரகர் தக்காளி சூப்பைக் கொண்டுவந்து முதலில் கோமதியின் முன்னால் வைத்தார். அவள் அதை என் பக்கம் நகர்த்தினாள். அவர் பணிவாக மறுபடியும் அவள் முன்னால் நகர்த்திவிட்டு எனக்கு வேறொன்று வைத்தார். நான் அவள் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவளோ மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி அடங்கியது. சூப்பின் மேல் ஆடை படிந்தது. பரிசாரகர் இரண்டு முறை வந்து பார்த்தார். "மேம்சாப் கோ பசந்த் நஹி?" என்று, அம்மாவுக்குப் பிடிக்கவில்லையா எனக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் மானேஜரையே அழைத்து வந்துவிட்டார்.

மானேஜர் கையைப் பிசைந்துகொண்டு, உணவில் ஏதேனும் குறையா என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆபீஸ் இங்கிலீஷில், "குறை ஒன்றுமில்லை. என் மனைவி தன் கணவனுக்காகக் காத்திருக்கிறாள்" என்றேன்.

மானேஜர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "மன்னிக்கவேண்டும். அப்படியானால் தாங்கள் யார்?" என்றார்.

"நான்தான் கணவன். நான் அவளுக்காகக் காத்திருக்கிறேன்."

பக்கத்து மேஜைக்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டார்கள். "என்ன கேக்காரு?" என்றாள் கோமதி. சொன்னேன். ஒரு விநாடி விழித்தாள். பிறகு அந்தப் பெரிய கூடத்தில், பியானோவை மீறி, வாயைப் பொத்தாமல் சிரித்தாள். "போதும் அத்தான், சூடா வேற கொண்டாரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத் தொடங்குவோம்" என்றாள்.

அப்படித்தான், கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு, என் மனைவி சாப்பிடுவதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். ஊரில் ஆண்கள் எழுந்த பிறகுதான் பெண்களுக்கு அடுக்களையில் இலை விழும். மாதுங்காவுக்கு வந்து எங்கள் இருவரைத் தவிர வீட்டில் வேறு ஆளில்லை என்றான பிறகும் அந்த வழக்கம் எங்களோடு மூன்று மாடி ஏறி வந்துவிட்டது. நான் சாப்பிட்டுக் கை கழுவிப் பேப்பரை எடுத்தபின் அவள் கதவுக்கு அப்பால் என்னவோ சாப்பிடுவாள். என்ன, எவ்வளவு, எப்படி என்று நான் யோசித்ததே இல்லை.

வேகமாகச் சாப்பிட்டாள். மெல்லுவதற்குள் அடுத்த வாய். காய்கறி அடுக்கிச் சுட்ட பதார்த்தம் ஒன்று வந்தது. நான் பாதிகூடத் தொடுவதற்குள், ஓரமாக ஒதுக்கிய சில துண்டுகள் தவிர அவள் தட்டு காலி. "மெள்ளச் சாப்பிடு. யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றேன் விளையாட்டாக.

அவள் கை நின்றது. "பழகிப்போச்சு" என்றாள். "உங்க வீட்டுல இலையில உக்காந்ததும் யாராவது தண்ணி கேப்பாவ, மோர் கேப்பாவ. ரெண்டு தரம் எந்திரிச்சா சோறு காஞ்சிரும். அதான் வேகமா முழுங்கிருதது." குற்றம் சொல்லும் குரல் இல்லை. மழையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

பேச்சு அவளுக்குப் பிடித்துவிட்டது. தட்டில் ஓரமாக ஒதுக்கியிருந்த வெண்டைக்காயைக் காட்டி ஏன் என்று கேட்டேன். "எனக்கு அது ஆகவே ஆகாது" என்றாள். நான் திடுக்கிட்டேன். அவளுக்கு உயிர் என்று எண்ணி ஞாயிறுதோறும் மார்க்கெட்டில் நுனி ஒடித்துப் பார்த்து நான் வாங்கி வருவது அதைத்தான். "உங்களுக்குத்தான் உசிருன்னு நான் நெனச்சேன்" என்றாள். உண்மையில் எனக்கும் அப்படியொன்றும் பெரிய பிரியம் இல்லை. இருவருக்கும் வேண்டாத காயை ஒருவருக்காக ஒருவர் இத்தனை நாள் பொரித்துத் தின்றிருக்கிறோம்.

கடைசியில் ஐஸ்கிரீம் வந்தது. அதை மட்டும் அவள் அவசரப்படாமல், கரண்டி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். பிறகு யாரும் எதிர்பாராதபடி நிமிர்ந்து உட்கார்ந்து, பால்காரனிடம் பழகிய இந்தியில் பரிசாரகரைப் பார்த்து, "அவுர் ஏக்!" என்றாள். அவர் முகம் மலர்ந்து, தலைகுனிந்து வணங்கி, இன்னொன்று கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். இந்த முறை அவள் அதை என் பக்கம் நகர்த்தவில்லை.

மறுநாள் ஞாயிறு. பகலில் அடுக்களையில் இரண்டு தட்டுகள் எதிரெதிரே இருந்தன. உட்கார்ந்தோம். அன்றுமுதல் விடுமுறை நாளிலும் இரவிலும் அப்படித்தான். அவள் வேகம் சிறிது சிறிதாகக் குறைந்தது. இந்த நகரம் எனக்குக் கொடுத்த சுகங்களில் இதுவே பெரியது.

கோடையில் தென்காசிக்குப் போனோம். கூடத்தில் அப்பா, தம்பிகள், நான் என்று வரிசையாக இலை. கோமதி தலைகுனிந்து பரிமாறிக்கொண்டு போனாள். அங்கே அவளை உட்காரச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சொல்லியிருந்தாலும் சங்கடப்படப் போவது அவள்தான். அப்பாவும் தம்பிகளும் சாப்பிட்டு எழுந்தார்கள். நான் எழவில்லை. "பம்பாய்க்குப் போயி பிள்ளைக்குச் சாப்பாடே மெள்ள ஆயிட்டுது" என்றாள் அம்மா. இன்னும் கொஞ்சம் மோர் சாதம் கேட்டு வாங்கிப் பிசைந்துகொண்டே இருந்தேன். அடுக்களையில் பெண்களுக்கு இலை விரிக்கும் சத்தம் கேட்டது. கதவு இடுக்கில் கோமதியின் வளையல் அணிந்த கை மட்டும் தெரிந்தது. அது இலைக்குப் போய், அவசரமில்லாமல் மேலே எழுந்தது. காலியான கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்த நானும் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன்.