மதினி கால் வைத்த கல்

ஓடையைக் கடக்குமுன் என் மதினி இடது காலின் பெருவிரலால் கல்லைத் தொட்டுப் பார்ப்பாள். வழுக்காது என்று தெரிந்த பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு முழுக்காலையும் வைப்பாள். மதினியும் நாத்தனாரும் ஒத்துப்போனார்கள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நாங்கள் ஒத்துப்போனோம்.

ஐம்பதுகளில் பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில், அண்ணன் வீட்டில் இருந்தேன். எனக்குப் பதினாறு வயது. லயத்துக்குப் பின்னால் புல்மேடு. அதிலிருந்து இறங்கும் ஓடைதான் குடிக்க, குளிக்க எல்லாவற்றுக்கும். மதினிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. மூன்றாவது உண்டானபோது அவளைக் குடம் தூக்கவே நான் விடவில்லை. ஆனாலும் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வருவாள். கரையோரப் புதர் வெயிலை அப்படி மறைத்திருந்தது. அவள்மேல் கொஞ்சம் வெயில் படட்டும் என்று, அண்ணனின் கவாத்துக் கத்தியை எடுத்துப் போய், தேயிலைச் செடியை வெட்டுகிற மாதிரியே புதரை முட்டளவுக்கு வெட்டித் தள்ளினேன். எஸ்டேட்டில் வளர்ந்தவளுக்கு வேறு என்ன வைத்தியம் தெரியும்?

அந்த மாசியில் வழக்கம்போல, மாட்டுக்கு இளம்புல் முளைக்கட்டும் என்று புல்மேட்டுக்குத் தீ வைத்தார்கள். முதல் கோடை மழையில் சாம்பலெல்லாம் ஓடையில் இறங்கியது. தண்ணீர் தெளிந்த பத்தே நாளில் கல்லெல்லாம் பச்சைப் பாசி. நான் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தினம் உட்கார்ந்து தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கத் தடித்து வளர்ந்தது. கொஞ்சம் மேலே, புதர் மூடிய இடத்தில், அதே தண்ணீர் ஓடுகிற கற்கள் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பாசிக்கு வெயிலைத் திறந்துவிட்டதும் நான், அதற்குத் தினம் சாம்பலை உரமாக ஊட்டியதும் நான். மதினியிடம் சொல்ல வாய் வரவில்லை.

சித்திரையில் ஒருநாள், நான் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவதற்குள் அவள் தனியே ஓடைக்குப் போய் விழுந்துவிட்டாள். அண்ணனிடம் தலை சுற்றியது என்றாள். அவள் உள்ளங்காலில் பச்சை ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். மூன்று நாள் பாயில் அசையாமல் கிடந்தாள். மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஓர் உதை.

"ஏட்டி, இனியாவது சாப்பிடு. புதரை வெட்டுனது நீதான்னு எனக்குத் தெரியும். வீட்ல சொல்லாத, ஏசுவாக."

அவள் மடியிலேயே அழுது தீர்த்தேன்.

இரண்டு மாதம் நான் தேய்த்தும் போகாத பாசியை ஆனி வெள்ளம் ஒரே நாளில் கல்லோடு புரட்டி வழித்துக்கொண்டு போனது. ஆடியில் பெண் பிறந்தாள். அதற்குள் புதரும் துளிர்த்துவிட்டது.

மதினி போய்ப் பல வருஷமாகிறது. போன மாதம் அந்தப் பெண்ணோடு ஓடைக்குப் போனேன். அவளுக்கே தலை நரைத்துவிட்டது. மலையைப் பார்க்க வருகிறவர்களுக்குப் புதர் மறைக்கிறதென்று யாரோ கரையை மொட்டையாக்கியிருந்தார்கள். கற்களில் அதே பச்சை. உன் அம்மா அன்றைக்கு விழுந்தது என்னால்தான் என்று, இத்தனை காலம் அடக்கி வைத்ததை அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள். "தெரியும் அத்தை. 'நான் குளிருல நடுங்குறேன்னு உங்க அத்தை ஓடைக்கே கவாத்து வெட்டுனா'ன்னு அம்மா பெருமையா சொல்லாத ஆளே கிடையாது."

என்னை வாயைத் திறக்காதே என்று சொன்னவள் செய்த வேலை இது. மகள் இடது காலின் பெருவிரலால் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கம் கையை நீட்டினாள்.