அம்மா உட்கார்ந்த பக்கம்

துருப்பிடித்த இரும்புச் சட்டியில் வெந்நீர் காயும்போது ஒரு வாடை வரும். அதோடு கொஞ்சம் எண்ணெய்ப் புகையும் சூடான ரப்பரும் கலந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது, வளவனூர் கடைத்தெருவில் எங்கள் அம்பாசடர் கொதித்து நின்ற அன்று காருக்குள் வந்த வாடை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாராவாரம் போகிற வழி அது. பானெட் இடுக்கில் ஆவி சீறிக்கொண்டிருக்க, முன் சீட்டில் அப்பாவுக்கு இடப்பக்கம் சாய்ந்திருந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடியபடி, பின்னால் இருந்த என்னையும் தம்பியையும் பார்த்து, "ஒண்ணும் கேக்காதீங்க, அவரே பேஜாராயி நிக்கிறாரு" என்றாள். வெயில் ஏறி, தண்ணீர் ஆறி, கார் மறுபடி கிளம்புவதற்குள் டாக்டர் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. வந்த வழியே திரும்பினோம்.

அப்பா விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அந்தக் காரை எப்போதோ யாரிடமோ பழையதாக வாங்கினார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலேயே அதற்கு என்னைவிட வயது அதிகம். வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாமே என்று உறவுக்காரர்கள் சொன்னபோதெல்லாம், "நம்ம வண்டி இருக்கச்சே வாடகை வண்டியா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கார் அவர் பேச்சைக் கேட்கும் நிலையில் இல்லை. வருடக்கணக்காக வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி வந்ததில் ரேடியேட்டரின் உள்குழாய்களில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டிருந்தது. அதைவிடக் கொடுமை முன்பக்கம் தாழ்ந்துபோனது. எங்கள் தெருவில் அதை "மூக்கு குந்திடுச்சு" என்பார்கள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் இரும்பும் இரும்பும் மோதி "டணார்" என்று சத்தம் வரும். அந்த அதிர்ச்சி நேராக முன் சீட்டுக்கு ஏறும். அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தூரத்தில் வேகத்தடை தெரியும்போதே முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அவள் ஒருநாளும் கத்தியதில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் தாங்கும்படியாக இருந்திருக்கும்.

வளவனூரில் நின்றதற்குப் பிறகு அப்பாவுக்கு, இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்மேல் பைத்தியம் பிடித்தது. விழுப்புரத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சிவப்பு கூலன்ட்டை எடுத்து வைத்து, "புது மாடலு சார், ஊத்திட்டு மறந்துடலாம்" என்றார். திண்டிவனத்தில் ஷெட் வைத்திருந்த டேவிட் மெக்கானிக், "அது இப்ப வர்ற அலுமினிய ரேடியேட்டருக்குண்ணே. உங்களுது பித்தளை, ஈயம் வெச்சிப் பத்தவெச்சது. பச்சதான் ஒத்துக்கும்" என்றார். அப்பா இரண்டையும் நம்பவில்லை. லாரி டிரைவர்களைக் கேட்டார். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த வேன்காரர்களைக் கேட்டார். பச்சையையும் சிவப்பையும் கலந்தால் கூழாகிவிடும் என்று ஒருவர் சொல்ல, யாரும் கலக்கச் சொல்லாமலேயே இரண்டு நாள் அதற்காகப் பயந்தார். கூடச் சேர்க்கும் தண்ணீர் பேட்டரித் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்று கேன் கேனாக வாங்கி வைத்தார். "எனக்கு மருந்து எழுதறப்போகூட நீங்க இவ்ளோ கேள்வி கேக்கலயே" என்று அம்மா கேலி செய்தாள். ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தார்களோ அதை ஏற்றிக்கொண்டு வந்தோம். அங்கே எங்களை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. பச்சையா சிவப்பா என்பது மட்டும்தான் அப்பா கையில் இருந்தது. கடைசியில் பச்சையை வாங்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அத்தை பொறுப்பில் விட்டுவிட்டு, திண்டிவனம் போனோம். அந்தக் காரின் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல; பக்கத்துக்கு ஒன்றாக அடியில் நீளவாக்கில் கிடக்கும் முறுக்குக் கம்பி. அதன் பின்முனையில் உள்ள பிடியை இடம் மாற்றிப் போட்டு முறுக்கைக் கூட்டினால் மூக்கு எழும்பும். ஆனால் காலிக் காரில் உயரம் பார்ப்பதை டேவிட் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "குந்தறவங்க குந்தணும், அப்பதான் வண்டி நெசத்துக்கு எப்டி நிக்கும்னு தெரியும்" என்பார். முன்பொரு முறை, அம்மா நன்றாக இருந்தபோது, நாங்கள் நால்வரும் அவரவர் இடத்தில் உட்கார, வெளியே அவர் சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் இடையில் விரல்களை வைத்து அளந்தார். எங்கேயும் போகாத காரில் குடும்பமாக உட்கார்ந்திருப்பதை நினைத்து அம்மா அன்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணி வரலியாண்ணே? லெப்ட்டு சரியா வராதே" என்றார் டேவிட்.

"அவளால இப்ப முடியல."

"அப்ப டிக்கில இருக்குற மல்லாட்டை மூட்டைய வெச்சிடுவோம். கிட்டத்தட்ட அண்ணி வெயிட்டுதான் வரும்."

அப்பா மூட்டையை இறக்கித் தூக்கிப் பார்த்தார். மண்டியில் தராசு இருந்ததெல்லாம் கொண்டுவருகிறவர்களின் திருப்திக்காகத்தான். அப்பா ஒரு மூட்டையைத் தரையிலிருந்து ஒருமுறை எழுப்பினால் எடை சொல்லிவிடுவார், தராசும் அதையே சொல்லும். அவர் மூட்டையைக் கீழே வைத்தார். கட்டை அவிழ்த்து, பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, இரண்டு கையாலும் மல்லாட்டையை அள்ளி வெளியே போட்டார். மறுபடி தூக்கிப் பார்த்தார். மறுபடி அள்ளினார். வாராவாரம் அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கிக் காருக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

"இன்னாண்ணே, பாதி மூட்டைய எறக்கிட்ட. அண்ணி இன்னா கொழந்தையா?" என்று டேவிட் சிரித்தார்.

அப்பா இன்னும் நாலு கை அள்ளிப் போட்டுவிட்டுத் தூக்கினார். கொஞ்ச நேரம் தூக்கியபடியே நின்றார். "இவ்ளோதான் டேவிட்டு" என்றார்.

டேவிட்டின் சிரிப்பு போய்விட்டது. மூட்டையை முன் சீட்டில் வைத்து, அப்பா அதன் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார, நானும் தம்பியும் பின்னால் உட்கார்ந்தோம். ஜன்னல் வழியே தரையில் கிடந்த குவியல் தெரிந்தது. சீட்டில் இருந்ததைவிட அது பெரிதாக இருந்தது. அம்மா பிழைக்கமாட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர்கள் சொன்னதெல்லாம் எனக்குப் புரியாத பேச்சு, இது புரிந்தது. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான், நான் உதறவில்லை.

இரண்டு பக்கமும் உயரம் சரியாக வந்தது. ரேடியேட்டரைக் கழுவி, அடைப்பை எடுத்து, பச்சையை ஊற்றினார்கள். திரும்பும்போது கூட்டேரிப்பட்டு தாண்டியும் சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது.

அடுத்த முறை புதுச்சேரிக்குப் போனபோது வேகத்தடைகளில் "டணார்" சத்தம் வரவில்லை. அம்மா பழக்கத்தில் முந்தானையைக் கடித்தவள், ஏறி இறங்கியதும் எடுத்துவிட்டாள். "இன்னிக்கு குலுக்கவே இல்லியே" என்றாள். அப்பாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அன்று டாக்டர் அம்மாவை அதிக நேரம் பரிசோதிக்கவில்லை. அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "இனிமே இவ்வளவு தூரம் அலைய வைக்காதீங்க. வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்க" என்றார். அந்த மாதம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

இப்போது மண்டி இல்லை. காரை யாரோ உடைக்க எடுத்துப்போனார்கள். புதுச்சேரிக்குப் போகும் சாலை அகலமாகி, கடைத்தெருப் பக்கமே போகாமல் பறக்கிறது. என் காரில் பானெட்டைத் திறக்கவேண்டிய அவசியம்கூட எனக்கு வந்ததில்லை. அந்தக் காலத்தில் இந்த வசதியெல்லாம் இருந்திருந்தால் உங்கள் அம்மாவைக் காப்பாற்றியிருக்கலாம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கடைசி முறை போனபோது எங்கள் காரில் ஒரு குறையும் இல்லை.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பல விஷயங்கள் மறந்துபோகின்றன. கண் ஆஸ்பத்திரிக்கு அவரை அந்தச் சாலையில் கூட்டிப்போகும்போது திடீரென்று, "அன்னிக்கு வண்டி குலுக்கலதான?" என்பார். "குலுக்கவே இல்லப்பா" என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு வெளியே பார்ப்பார். ஒவ்வொரு முறையும் கேட்கிறார், ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அது உண்மைதான். அதனால் அம்மா ஒரு நாள்கூடக் கூடுதலாக இருக்கவில்லை.