பாவ் வண்டிக்குள் ஒரு குடித்தனம்

கல்யாணமாகித் தாராவிக்கு வந்த முதல் வருஷம் நானும் என் கணவரும் தனியாகப் பேசிக்கொண்டதெல்லாம் மாடிப்படியில்தான். ஒரே அறை. அதில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார், எல்லாரும். அவர் தோல் பைகள் தைத்து ஊர் ஊராகச் சந்தைகளில் விற்பவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்.

ஒருநாள் மெதுவாகச் சொன்னார்: "ஏளா, பழைய வண்டி ஒண்ணு பாத்திருக்கேன். சரக்கும் ஏத்தலாம், நாம ரெண்டு பேரும் அதுக்குள்ளயே தங்கிக்கிடலாம்."

"வண்டிக்குள்ள குடித்தனமா மச்சான்? அடுப்பு எங்க வைக்க?"

"நீயே வந்து பாரு."

குர்லாவில் பழைய இரும்புக் கிடங்கு ஒன்றில் நின்றது அது. மூடிப்போன ஒரு பேக்கரிக்காகப் பாவ் ரொட்டி சுமந்த வண்டி; வெளிப்பக்கத்தில் ரொட்டிப் படம் இன்னும் அழியவில்லை. உள்ளே இரண்டு பக்கமும் மரத்தட்டுகள். ஜன்னலே கிடையாது, ஓட்டுகிறவர் பக்கமும் முழுத் தகரம்தான், கூரையோரம் மட்டும் காற்றுக்குச் சில கீற்றுகள். இவர் எஞ்சினைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் உள்ளே ஏறிப் பலகைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில் விரல் உள்ளே இறங்கியது.

"இங்க இத்துப் போயிருக்கு" என்றேன்.

கிடங்குக்காரர் இவரைப் பார்த்து, "பாய், பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்தா வியாபாரம் ஆகாது" என்று சிரித்தார். ஆனாலும் அந்த இடத்தில் புதுப் பலகை அடித்துத்தான் கொடுத்தார்.

கீழ்த்தட்டுகளைச் சேர்த்து ஆணியடித்துக் கட்டிலாக்கினோம். மேல்தட்டில் பைகள். பாத்திரங்கள் உருளாமலிருக்க இவர் தோல் வார்களைத் தைத்துக் கொடுத்தார். குடத்துத் தண்ணீர் வழியில் தளும்புமா, படுத்துக்கொண்டே போனால் தலை சுற்றுமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்பார். ஜன்னல் வெட்டச் சொன்னதற்கு மட்டும், "அப்புறம் பாப்போம்" என்று தள்ளிப்போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செம்பூர்ப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். திலக் நகர் தாண்டி ஒரு மரத்தடியில் நிறுத்தி, நடுவில் கட்டியிருந்த திரைக்கு உள்பக்கம் இவரும் உட்கார்ந்திருக்க, மண்ணெண்ணெய் அடுப்பில் தேநீர் போட்டேன். தேநீர் கொதித்து வரும்போது பின்கதவு படாரென்று மூடியது. வெளியே கொக்கி விழுந்த சத்தம். யாரோ புண்ணியவான், கதவு திறந்து கிடக்கிறதே என்று சாத்திவிட்டுப் போயிருக்கிறார்!

நான் அடுப்பை அணைத்தேன். இவர் கதவைத் தள்ளினார், தட்டினார், கத்தினார். உள்ளேயிருந்து திறக்க அந்தக் கதவில் ஒன்றுமே இல்லை. ரொட்டிக்கு எதற்கு உள்தாழ்ப்பாள்?

"யாராவது வருவாங்க" என்று உட்கார்ந்துவிட்டார். எனக்கோ பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அரையிருட்டில் தேநீரைக் குடித்துக்கொண்டே, சந்தைக்குப் போனால் எங்கே படுப்பீர்கள், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நாசிக்கில் மூட்டைமேல் தூங்கியபோது எருமை வந்து முகத்தை நக்கிய கதையைச் சொன்னார். அவர் இவ்வளவு பேசுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வெளியே காலடி கேட்டதும் இரண்டு பேருமாகக் கதவைத் தட்டினோம். கொக்கி விலகியது. தலையில் மீன்கூடையோடு ஒரு மராத்திப் பெண். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாவ் ஹை க்யா?" என்றாள்.

பாவ் இல்லை, தேநீர்தான் இருந்தது. குடித்துவிட்டு, உள்ளே எட்டிக் கட்டிலையும் பாத்திரங்களையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள்.

அந்த வாரமே உள்தாழ்ப்பாளும் இரண்டு ஜன்னல்களும் வந்தன. முதல் சந்தைக்குப் புறப்பட்ட அன்று காலையில் மாமியார் துணிப்பையோடு வந்து வண்டிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

"ஓடுற வீட்டை நானும் ஒருக்கப் பாக்கேன்" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து மாமிக்கு ஜன்னல் பக்கம் இடம் விட்டேன்.