இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆர்லோ

அமெரிக்காவின் அயோவாவில் ஆர்லோ ட்யாடன் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். முப்பத்திரண்டு குளிர்காலமாக அதே நெடுஞ்சாலை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை, ஜனாதிபதி ஆக ஆசைப்படுகிற அத்தனை பேரும் ஜனவரியில் அந்தச் சாலையில்தான் வந்தாக வேண்டும். கட்சிகளின் வேட்பாளர் தேர்வு நாட்டிலேயே முதலில் நடப்பது இங்கேதான். பஸ்ஸில் வேட்பாளர், பின்னால் வேன் வேனாக நிருபர்கள். ஆர்லோ ஒதுக்கிவிட்ட பாதையில் வழுக்காமல் வந்து, பெவ்வின் காபிக் கடையில் இறங்கி, நேராக வென்டெல் ஹாஸின் மேசைக்குப் போய் மைக்கை நீட்டுவார்கள்.

ஆர்லோவின் வயிறு எரிவது அங்கேதான்.

வென்டெல் சோயா பயிரிட்டு ஓய்ந்தவர். கசங்கிய தொப்பி, படம் பிடிக்கத் தோதான சுருக்கங்கள். யாருக்கு ஓட்டு என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: "இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." இந்த ஒரு வரியை வைத்து நாலு முறை டிவியில் வந்துவிட்டார். ஜப்பான் பத்திரிகை ஒன்று அவர் படத்தைப் போட்டிருந்தது. அது கடைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

"யோவ் வென்டெல், இத்தன வருஷமா பாத்துக்கிட்டே இருக்கியே, கண்ணு வலிக்கலயா?" என்றார் ஆர்லோ.

"வலிக்கத்தான் செய்யுது. அதான் பாவம், அவங்களே லைட்டு கொண்டாந்து பிடிக்கிறாங்க."

"ஆர்லோ, ஏன் மூஞ்சி இப்படிப் போவுது?" என்றாள் பெவ், காபியை ஊற்றிக்கொண்டே. "என் ஆப்பிள் பை மேல பழி போடாத."

வென்டெல் டிவியில் வந்த மறுநாள் காலையெல்லாம், அவர் வீட்டு வாசலை மறித்து இடுப்புயரத்துக்குப் பனி குவிந்து கிடக்கும். காற்றின் வேலை என்பார் ஆர்லோ.

ஆர்லோவிடமும் ஒருமுறை ஒரு பெண் நிருபர் யாருக்கு ஓட்டு என்று கேட்டதுண்டு. "லோமாக்ஸ் அம்மாவுக்குத்தான்" என்று பளிச்சென்று சொன்னார். நிருபர் நோட்டை மூடிவிட்டாள். முடிவு செய்தவனுக்குச் சந்தையில் விலையில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வேட்பாளர்களில் ஒருத்தியான அந்த லோமாக்ஸுக்கு ஆள் சேர்ப்பது ஆர்லோவின் மனைவி டெல்ஃபா. அந்த வேட்பாளர் இவர்கள் வீட்டு நிலவறைக்கே வந்து, ஒன்பது பேர் முன்னால் ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிப் பேசினாள். பிறகு கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். ஒரு பத்திரிகையிலும் ஒரு வரி இல்லை. அதே நாள் பக்கத்து ஊரில், எல்லாரும் ஜெயிப்பான் என்று சொல்கிற இன்னொரு வேட்பாளரான கவர்னர், கையால் சாப்பிட வேண்டிய பன்றிக்கறி சாண்ட்விச்சைக் கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிட்டுவிட்டான்.

"மூணு நாளா அதையே காட்டறான் ஆர்லோ! நிபுணருங்க நாலு பேர் உக்காந்து அந்த முள்கரண்டியப் பத்திப் பேசறானுங்க. ஏற்கெனவே கேமரா இருக்கற எடத்துக்குத்தான் இன்னொரு கேமராவும் போவுமா?" என்றாள் டெல்ஃபா.

ஆர்லோ தலையாட்டினார். மனசு மட்டும் வென்டெலின் சுருக்கங்களையே சுற்றி வந்தது.

தேர்வுக்குப் பத்து நாள் முன்னால் வென்டெல் பல் டாக்டரிடம் போயிருந்தார். நியூயார்க்கிலிருந்து ஜூலியன் என்று ஒரு டிவி நிருபர் கடைக்குள் வந்தான். வென்டெலின் நாற்காலியில் ஆர்லோ இருந்தார்.

"நீங்க யாருக்கு சார்?"

"இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், தம்பி."

அடுத்தவன் பல்செட்டை வாயில் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. ஆனால் பையன் கண்ணில் விளக்கெரிந்தது. தேர்வு அன்று நேரலையில் அவரோடேயே இருப்பதாகச் சொன்னான்.

டெல்ஃபா விஷயத்தைக் கேட்டுத் தன் ஆள் பட்டியலை எடுத்து எண்ணினாள். பிறகு சொன்னாள்: "என்னுது விரல் விட்டு எண்ற கூட்டம், ஆர்லோ."

"மொதல்ல முடிவு பண்ணாதவங்க மூலைல நிப்பேன். பேட்டி முடிஞ்சதும் உன் பக்கம் வந்துடுவேன். சத்தியமா."

அயோவாவில் லோமாக்ஸின் கட்சி வேட்பாளர் தேர்வுக்கு ஓட்டுச்சீட்டு கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டரங்கில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. ஊர் பார்க்கப் போய் நிற்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத மூலை கலைந்துவிடும். கலையாமலிருக்க, மாறி நிற்க அரை மணி அவகாசம். அன்று வந்தவர்கள் எண்பது பேர். பன்னிரண்டு தலை வேண்டும். டெல்ஃபாவின் மூலையில் பதினொன்று.

அவள் அரங்கின் குறுக்கே ஆர்லோவைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். ஒன்றே ஒன்று.

ஆர்லோ காலை எடுத்தார்.

"சார், நகராதீங்க!" என்றான் ஜூலியன். "ஆறு நிமிஷத்துல நேரலை. இப்ப அங்க போனீங்கன்னா நீங்க முடிவு பண்ணவராயிடுவீங்க. நான் வேற ஆளத் தேடணும்."

வேறு ஆள் பக்கத்திலேயே நின்றார், தொப்பியும் சுருக்கமுமாக. ஆர்லோ எடுத்த காலை அங்கேயே வைத்துவிட்டார்.

ஆறு நிமிஷம் பதினாறாயிற்று. விளக்கு முகத்தில் அடித்தது. என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டான். ஆர்லோ நாட்டைப் பற்றி ஏதோ சொன்னார். முதுகுப் பக்கம் அவகாசம் முடிந்த மணி அடித்தது.

"லோமாக்ஸ், பன்னிரண்டு!"

திரும்பினார். தொப்பியைக் கையில் பிடித்தபடி டெல்ஃபாவின் மூலையில் வென்டெல் நின்றார்.

இருவரும் வண்டியில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பாதி வழியில் ஆர்லோ கேட்டார்: "அவன எப்படி இழுத்த?"

"நான் இழுக்கல. உன்னத்தான் பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் வந்து, 'அவன் வரமாட்டான்போல டெல்ஃபா, நான் நிக்கட்டுமா'ன்னு கேட்டான்."

டிவி செய்தி டேப்பில் பதிவாகும்படி வைத்துவிட்டுத்தான் டெல்ஃபா கிளம்பியிருந்தாள். கவர்னரின் பனி பூட்ஸுக்கு மூன்று நிமிஷம். லோமாக்ஸ் பெயரே வரவில்லை. ஆர்லோ பதினோரு விநாடி வந்தார், பெயர் இல்லாமல். கீழே 'முடிவு செய்யாத வாக்காளர்' என்று மட்டும் இருந்தது. அவர் இடது காதுக்குப் பின்னால், மங்கலாக, டெல்ஃபா வென்டெலைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தாள்.

அவர் டேப்பை நாலு முறை ஓட்டினார்.

"போதும்யா, உன் மூஞ்சிய நீயே எத்தன தடவ பாப்ப?" என்றாள்.

அவர் பார்த்தது தன் முகத்தை அல்ல.

மறுநாள் விடியலில் நல்ல பனி. வென்டெல் வீட்டு முன்னால் ஆர்லோ வண்டியை நிறுத்தினார். இறங்கி, மண்வாரியால் வாசலைத் தரை தெரிய வழித்துவிட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தவருக்கு அந்த மங்கலான குதிப்பு ஞாபகம் வந்தது. மறுபடி இறங்கி, முழங்கால் உயரத்துக்கு மட்டும் பனியை வாசலில் திரும்பத் தள்ளிவைத்துவிட்டுப் போனார்.