சுவிசேஷமுத்துவின் தும்மலும் டெனர் வரிசையின் ஸ்தோத்திரமும்

எங்கள் சபையில் பக்தி பொங்கி வழியும் இடம் எது என்று கேட்டால், போதகர் யோசிக்காமல் பாடகர் குழுவில் ஆண்கள் உச்சக்குரலில் பாடும் டெனர் வரிசையைக் காட்டுவார். அங்கேதான் சுவிசேஷமுத்து நிற்பார். அவர் ஒரு தும்மல் போட்டால் போதும், இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் முகத்தை உயர்த்தி, கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்ம்ம்ம்" என்று மூச்சு தீரும்வரை இழுப்பார்கள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருக்கும் வரை உள்ளே இழுக்க வேண்டியதில்லை அல்லவா? சாக்கடை மூடியைத் திறந்து மூடினாற்போல அப்படி ஒரு தும்மல்.

தெற்கத்தி நாசரேத்திலிருந்து வாலிபனாகப் புனே வந்தவர். கசார்வாடியில் லேத் பட்டறை வேலை, போபோடியில் வீடு. பஸ்ஸில் அவர் தும்மினால் பக்கத்து ஆள் எழுந்து, ஜன்னலோர இடம் கிடைத்துவிடும். "மராட்டிக்காரங்களுக்கு நம்ம மேல என்ன மரியாத, பாத்தியா!" என்று மனைவி வேதமணியிடம் பெருமைப்படுவார். அவருக்குத்தான் எந்த வாடையும் தெரியாதே. மூக்கு அடைத்து வருஷக்கணக்கு. சாக்கடையாக ஓடும் முளா ஆற்றுப் பக்கம் குடியிருக்க அதைவிட உகந்த மூக்கு கிடையாது. வேதமணியோ வீட்டு நாற்றத்துக்கு வாசல் சாக்கடைதான் காரணம் என்று முனிசிபாலிட்டியில் புகார் கொடுத்தார். அவர்களும் வந்து, நன்றாக இருந்த சாக்கடையைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

சுவிசேஷமுத்துவுக்கு வாழ்க்கையில் ஆசை ஒன்றுதான். கிறிஸ்மஸ் விடியற்கால ஆராதனையில் தனிப்பாட்டு. வருஷா வருஷம் அவர்தான் பாடுவார். தொண்ணூற்றெட்டில், குழுவை நடத்தும் பெனிஸ்டன் அதை இருவர் பாட்டாக மாற்றி, குழுவில் பாடும் அலினாவைச் சேர்த்துவிட்டான். மைக் ஒன்றே ஒன்று. முதல் ஒத்திகையில் அவர் ஒரே ஒரு தடவைதான் தும்மினார். அலினா, "இனிமேல் அவர் பக்கத்தில் நிற்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

பெனிஸ்டன் அவரைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, இந்த வருஷம் நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்களேன்."

"எதுக்குலே ரெஸ்ட்? நான் என்ன புள்ளையா பெத்திருக்கேன்?"

"இல்ல, மைக்கு ஒண்ணுதான் இருக்கு..."

"மைக்கே இல்லாம லேத்துச் சத்தத்த அமுக்கிப் பாடுதவன்லே நான்!"

"சத்தம் பிரச்சினை இல்ல அண்ணாச்சி. காத்துதான்..."

"என்ன காத்து?"

பெனிஸ்டன் கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்றான்.

தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்த அலினா பொறுக்கமுடியாமல் முன்னால் வந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள்; நாக்கில் பாதி தமிழ், பாதி இந்தி. "அங்கிள், புரா மத் மானோ, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தும்மல்ல பத்பு வருது. ரொம்ப நாறுது. டாக்டர்கிட்ட காட்டுங்க."

சுவிசேஷமுத்து பாட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"ஏட்டி, என் தும்மல் நாறுதா?"

வேதமணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அட பாவி மனுஷா! நான் சாக்கடைன்னுல்லா நெனச்சேன்!"

மூக்கு டாக்டர் பார்த்துவிட்டுப் பல் டாக்டரிடம் அனுப்பினார். மேல் வரிசைக் கடைவாய்ப்பல் வேர்வரை அழுகி, சீழ் மேலே ஏறி, கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் தேங்கியிருந்தது. அந்த அறையிலிருந்து மூக்குக்கு ஒரு வாசல் உண்டு. தும்மும்போது உள்ளே கிடந்த நாற்றம் அந்த வழியாக ஊரைப் பார்க்க வெளியே வந்தது. அந்தப் பல்லுக்கு வருஷக்கணக்காகக் கிராம்பு வைத்து ஜெபித்தவர், முன்பொருநாள் வலி நின்றதும், கர்த்தர் சுகமாக்கினார் என்று சபையில் எழுந்து சாட்சி சொல்லியிருந்தார். நாங்களும் கைதட்டினோம். சுகமாகவில்லை, பல் செத்துப்போயிருந்தது.

பல்லைப் பிடுங்கி, வாரக்கணக்கில் மாத்திரை விழுங்கியபின் மூக்கு திறந்தது. அவருக்கு முதலில் கிடைத்த வாசனை முளா ஆறு. "ஏட்டி, இந்த நாத்தத்துல எப்படிட்டி குடியிருக்கோம்!" என்று வேதமணியிடமே கேட்டாராம்.

அலினா ஒத்திகையில் கிட்டே வந்து நின்று பார்த்துத் தலையாட்டிய பிறகே பாட்டு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. கிறிஸ்மஸ் காலையில் இருவரும் ஒரே மைக்குமுன் நின்றார்கள். கடைசிச் சரணத்துக்குமுன் அவருக்கு ஒரு தும்மல் வந்தது. பெரிய தும்மல். டெனர் வரிசை பழக்கதோஷத்தில் ஸ்தோத்திரத்துக்கு மூச்சைச் சேர்த்துப் பிடித்தது. காத்திருந்தது. நாற்றம் ஒன்றும் வரவில்லை. அலினா நகரவே இல்லை. ஒருத்தரும் ஸ்தோத்திரம் சொல்லாமல் மூச்சை மெல்ல விட்டார்கள். அவர் கடைசிச் சரணத்தை அழகாகவே பாடி முடித்தார். கண் மட்டும் டெனர் வரிசையிலேயே இருந்தது.

ஆராதனை முடிந்து கேக் கொடுக்கும்போது பெனிஸ்டனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, தும்முனேன்லா? ஒரு பய ஸ்தோத்திரம் சொல்லல. என்னலே உங்க பக்தி?"

போதகருக்கும் அதே கவலை. டெனர் வரிசையில் அனல் அவிந்துவிட்டது, புது வருஷத்தில் உபவாச ஜெபம் வைக்கவேண்டும் என்று அறிவித்தார். அதை நடத்த முதல் ஆளாகக் கையைத் தூக்கியவர் சுவிசேஷமுத்து.